பதினையாயிரம் ரூபாவும் ஒரு பழைய கணினியும்

தமிழாசிரியன் ஒருவனிடம் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுவோர், கம்பன் கவிநயத்தையோ கந்தபுராணப் படன மரபையோ எதிர்நோக்குதல் இயல்பு. அவ்வெதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டு, எமது கல்லூரித் தமிழ் மன்ற அறையின் மூலையில் இருக்கும் கணினி ஒன்றைப் பற்றி யான் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. இம்மலரிலே மறுபிரசுரஞ் செய்யப்பட்டிருக்கும் பழைய சஞ்சிகைக் கட்டுரைகள் யாவும் அக்கணினியிலேயே எழுத்தேற்றப்பட்டவை. 2025 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே அது கழிக்கப்பட்டிருக்குமாயின் அப்பக்கங்கள் இன்று அன்பர்கள் கைக்கு எட்டியிரா.

2013 ஆம் ஆண்டிலே பழைய மாணவர் சிலர் கூடி ஆறு கணினிகளைக் கல்லூரிக்கு வழங்கினர். இன்ரெல் நிறுவனத்தாரின் மூன்றாந் தலைமுறை ஐ3 செயலி, 2 கிகாபைற்று நினைவகம், 500 கிகாபைற்று வன்றட்டு, விண்டோஸ் 7 என்னும் பணிசெயல் முறைமை என்பன அவற்றின் அமைப்பு. அந்நாளில் அவை குறைவின்றி ஓடின. பின்னர் மூன்று கழிக்கப்பட்டன. இரண்டு, மாரிகால மின்னலுக்கு இரையாகிக் களஞ்சிய அறையை அடைந்தன. ஒன்று மாத்திரம் தமிழ் மன்றத்தின் பங்காக எஞ்சிற்று. இடையிடையே வந்த புதிய கணினிகள் தொழினுட்பக் கூடத்துக்கே சென்றன. தமிழுக்குப் பழையது போதும் என்பது எங்கும் எழுதப்படாத சட்டம் போலும்!

அப்பழைய பொருளை வைத்துக்கொண்டு மன்ற மாணவர் செய்துவந்த வேலை சிறிதன்று. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, கல்லூரி நூலகத்திற் கட்டி வைக்கப்பட்டிருந்த பழைய சஞ்சிகைகளுட் பல பின்னர் மீளக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றையும், பழைய மாணவர் வீட்டு அலுமாரிகளிலிருந்து இரந்து பெற்றவற்றையும் ஒன்றுசேர்த்து, உயர்தர வகுப்பு மாணவர் மாலை வேளைகளில் எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றி வந்தனர். 1981 ஆம் ஆண்டிலே பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. 2005 ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் இணையத் திட்டத்தார் ஈழத்துத் தமிழ் ஏடுகளைத் தேடித் தேடி எண்ணிமப்படுத்தி வருவதனையும் அன்பர்கள் அறிவர். எமது முயற்சி அதன் நிழலில் முளைத்த சிறு செடி எனலாம். ஒரு படியேனும் தாளல்லாத வேறொன்றில் இருத்தல் வேண்டும் என்பதே எமது ஆசை.

நிற்க. கணினியின் நோய்க் குறிகளைக் கூறுகின்றேன். விசையை அழுத்தினால் அது கண்விழித்து வேலைக்கு ஆயத்தமாக 7 நிமிடங்கள் சென்றன. ஒரு பக்கத்தைத் திறக்கும்படி கட்டளையிட்டு, மாணவன் ஒருவன் வெளியே சென்று தண்ணீர் அருந்திவிட்டு வரலாம். ஒவ்வொரு காலையிலும் அது தன்னை 2012 ஆம் ஆண்டு தை மாதம் 1 ஆந் திகதியிலே இருப்பதாக எண்ணிக்கொண்டு எழும். அதனால் இணையத் தளங்கள் பலவும் அதற்குக் கதவடைத்தன. அவ்வப்போது வன்றட்டிலிருந்து பல்லி கத்துவது போன்ற ஓசையும் கேட்டது. இவற்றுக்கு மேலாக, இடையிலே ஏற்றப்பட்டிருந்த விண்டோஸ் 10 இற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு நிறுத்தும் என்ற அறிவித்தலும் திரையில் தோன்றிற்று.

பட்டணத்துக் கடை ஒன்றிலே கேட்டபோது, கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மாஸ்ரர், உதைத் தூக்கிப் போட்டிட்டுப் புதிசொண்டு எடுங்கோ" என்றார். அவர் கூறிய விலை எனது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கி மேலுங் கேட்கும். மன்றத்தின் கையிலோ 15,000 ரூபா இருந்தது. அதுவும் மாணவர் நாடகம் நடித்து, நுழைவுச் சீட்டு விற்று ஈட்டிய பணம்.

அப்பணத்துக்குக் காவலனாய் இருந்தவன் மன்றப் பொருளாளனான உயர்தர வகுப்பு மாணவன். கணக்கிலே கண்டிப்பானவன். கணினிக்குச் செலவிடுவோம் என்று யான் கூறியதும் அவன் முகம் சுருங்கிற்று. "சேர், செத்த மாட்டுக்கு வைத்தியம் பாக்கிறதுக்கு ஏன் இந்தக் காசு? புத்தகம் வாங்கினால் பத்துப் பெடியளாவது படிப்பாங்கள்" என்றான். ஆசிரியன் சொல்லிவிட்டான் என்பதற்காகத் தலையசைக்கும் மாணவனைக் காட்டிலும் இத்தகையவனையே யான் விரும்புவேன். அவன் வாதத்தில் நியாயமும் இருந்தது. பழுதுபார்ப்பதற்கென்று தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பகுதிகளை வாங்கி, ஈற்றிலே புதியதன் விலையைக் கொடுத்துப் பழையதையே வைத்திருப்போர் உலகில் உளர். ஆதலின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: நோய் எங்கேயுள்ளது என்று ஐயமறக் காணும் வரை ஒரு சதமேனுஞ் செலவிடுவதில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இவ்வகைச் சிந்தனை புதிதன்று. பாட்டன் வாங்கிய ரலி சைக்கிளைப் பேரன் ஓட்டுவதனை இன்றும் காண்கின்றோம். அதன் ரயர் மாறியிருக்கும், சங்கிலி மாறியிருக்கும், இருக்கை மாறியிருக்கும். சட்டம் மாத்திரம் பழையது. சங்கிலி தேய்ந்தமைக்காகச் சைக்கிளை எறிந்தவர் எவருமிலர். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய்ப் பொருளாதாரத் தடையும் வந்தபோது, எனக்குப் பத்து வயது. வெற்று ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, அதிலே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி கொளுத்திப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்னாலே வானொலிச் செய்தி கேட்டோம். இருப்பது இன்னது, குறைவது இன்னது என்று பிரித்து நோக்கும் பழக்கம் அந்நாளில் எம்மவர்க்கு வீட்டுப் பாடமாகவே அமைந்தது. பின்னர் பிறந்த மாணவர்க்கு அது கதையாகத் தோன்றுகின்றது, தோன்றட்டும்.

கணினியிலே குறைவது யாது? இதனைக் காணப் பணம் வேண்டியதில்லை. விண்டோஸ் முறைமையிலேயே ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு உழைக்கின்றது என்று காட்டும் பகுதி ஒன்றுண்டு. அதனைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுமாறு மாணவரிடம் கூறினேன். செயலியின் உழைப்பு 20, 30 வீதத்துக்கு மேல் ஏறுவது அரிதாயிருந்தது. நினைவகமோ முற்றாக நிரம்பியிருந்தது. வன்றட்டு 100 வீதம் என்ற எண்ணிலேயே நெடுநேரம் நின்றது. எனவே மூளைக்குக் குறைவில்லை. கையும் காலுமே தளர்ந்திருந்தன.

இதனை மாணவர்க்கு விளக்கக் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவரை உவமையாக எடுத்தேன். நினைவகம் என்பது அவர் முன்னுள்ள மேசை. வன்றட்டு என்பது அடுத்த கட்டடத்திலுள்ள அலுமாரி. மேசை சிறிதாயின், இரண்டு கோவைகளுக்கு மேல் விரிக்க இடமில்லை. மூன்றாவதை எடுக்க முன்னையதை அலுமாரியிற் கொண்டுபோய் வைத்தல் வேண்டும். எழுதுவினைஞர் எத்துணைக் கெட்டிக்காரராயினும் அவர் நாள் முழுவதும் நடையிலேயே கழியும். எமது கணினியின் நிலை அதுவே. மேசையோ சிறிது, அலுமாரியோ தொலைவு.

அலுமாரி எவ்வளவு தொலைவு என்பதனையும் கணக்கிட்டுக் காட்டலாம். வன்றட்டினுள்ளே கண்ணாடி போன்ற தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றது. அஃதாவது வினாடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு வினாடியின் ஆயிரத்தில் 8.3 பங்கு ஆகும். வேண்டிய இடம் ஊசியின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருத்தல் வேண்டும். ஊசி தானும் இடம்பெயர இன்னும் அவ்வளவோ அதனிற் கூடவோ செல்லும். ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பதாயின் வினாடிக்கு 80 அளவிலேதான் எடுக்கலாம். கணினி கண்விழிக்கும்போது எடுக்க வேண்டியவையோ பல்லாயிரம். திண்மநிலைத் தட்டு என்று பாடநூல் கூறுவதும், கடையிலே எஸ்.எஸ்.டி. என்று வழங்குவதுமாகிய புதிய வகையிலே சுழலும் தகடு இல்லை, ஊசி இல்லை. மின்சில்லுகள் மாத்திரமே உண்டு. அதிலே ஒரு துண்டைத் தேடி எடுக்க வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே போதும். அலுமாரி அடுத்த கட்டடத்திலிருந்து மேசைக்கருகே வந்துவிடுகின்றது.

இக்கணக்கைக் கேட்ட பின்னரும் பொருளாளன் பணப்பெட்டியைத் திறக்கவில்லை. கணக்கு வேறு, கண்ணாற் காண்பது வேறு என்பது அவன் நிலைப்பாடு. எமது தகவல் தொழினுட்ப ஆசிரியர் கைகொடுத்தார். தம்மிடமிருந்த திண்மநிலைத் தட்டு ஒன்றை ஒரு பிற்பகலுக்கு இரவல் தந்தார். அதிபரின் அனுமதியோடு களஞ்சிய அறைக்குச் சென்று, இறந்துபோன உடன்பிறப்புகள் இரண்டையும் திறந்தோம். ஒரே இனமாதலின் அவற்றின் நினைவகத் துண்டு எமது கணினிக்கும் பொருந்திற்று. 2 கிகாபைற்று செலவின்றி 4 ஆயிற்று. இணைப்புக் கம்பியும் திருகாணிகளும் அங்கேயே கிடைத்தன. இரவல் தட்டைப் பொருத்தி விசையை அழுத்தினோம். பொருளாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம் ஆகுமுன்னரே திரை ஆயத்தமாயிற்று. "சரி, சேர்" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

இரவல் வாங்கிச் சோதித்தபின் விலை கொடுத்து வாங்குதல் என்பதனைச் சிறிய பணம் உடையோர் யாவர்க்கும் யான் பரிந்துரைப்பேன்.

இனி, வாங்காதவற்றைப் பற்றி ஒரு சொல். ஆசை காட்டியவை பல. அதே தாய்ப்பலகையிற் பொருந்தக்கூடிய ஐ5 செயலி பாவித்ததாகக் கிடைக்கும் என்று ஒரு மாணவன் தேடிக் கண்டுபிடித்தான். 30 வீதமே உழைக்கும் செயலியை மாற்றி ஆவதென்ன? படவட்டை வேண்டும் என்றான் வேறொருவன். அவன் உள்ளத்திலிருந்தது பழைய சஞ்சிகை அன்று, விளையாட்டு என்பதனை அறிந்து புன்னகைத்தேன். மிகு வேகமான புதிய வகைத் தட்டுகளும் உண்டு. ஆனால் எமது பழைய தாய்ப்பலகையின் இணைப்பு வினாடிக்கு 300 மெகாபைற்றுக்கு மேற் கொண்டுசெல்லாது. ஒற்றையடிப் பாதையிலே ஓடுவதற்குப் பந்தய மோட்டார் வண்டி எதற்கு? மிக எளிய வகையே எமக்குப் போதுமானது.

கடைக்குச் சென்ற கதையையும் சொல்லல் வேண்டும். றகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது என்று ஆண்டுதோறும் பத்தாந் தர வகுப்பிலே கற்பிப்பவன் யான். கடையிலே நின்று "தற்போக்குப் பெறுவழி நினைவகம் உண்டா?" என்று பாடநூல் வழக்கிற் கேட்டேன். கடைப் பையன் திகைத்து விழித்தான். பின்னால் நின்ற எனது மாணவன், "அண்ணை, பழைய றாம் இருக்கோ?" என்றான். உடனே நான்கு பெட்டிகள் மேசைக்கு வந்தன. நன்னூலார் மன்னிப்பாராக.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை அன்பர்கள் மறந்திரார்கள். 200 ரூபாவளவில் நின்ற டொலரின் விலை சில மாதங்களுள் 360 ரூபாவை அண்மித்தது. அவ்வாண்டு பங்குனி இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டும் இருந்தது. கணினி உறுப்புகள் யாவும் இறக்குமதிப் பொருள்களே ஆதலின் அன்று ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2025 ஆம் ஆண்டின் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கப்படும் பெருங்கணினி நிலையங்கள் சில்லுகளை வாங்கிக் குவித்தமையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கிற்று. எமக்கு வேண்டிய டி.டி.ஆர்.3 என்னும் பழைய வகை பாவித்த பொருளாகவே கிடைத்தது. டி.டி.ஆர்.4 வகை ஒரே அளவினதாகத் தோன்றினும் அதன் அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், பொருந்தாது. மடிக்கணினிக்குரியதோ நீளத்திற் குறைந்தது. பெட்டியிலிருந்த பழைய துண்டொன்றைக் கழற்றிக் கையிற் கொண்டுசெல்வதே தவறாத வழி.

களஞ்சியத்திற் கிடைத்த 4 கிகாபைற்று போதாதா என்று பொருளாளன் கேட்டான். எழுதுவதற்குப் போதும். ஆயினும் பழைய பக்கத்தின் நிழற்படத்தை ஒருபுறமும் எழுத்தேற்றும் பக்கத்தை மறுபுறமும் விரித்துவைத்து வேலை செய்வதற்கு அது இறுகிற்று. ஆகவே 4 கிகாபைற்றுத் துண்டுகள் இரண்டை வாங்கினோம். பாவித்த பொருளாதலின் ஓரிரவு முழுவதும் நினைவகச் சோதனை மென்பொருளை ஓடவிட்டோம். காலையிலே ஒரு துண்டு சிவப்பு வரிகளைக் காட்டிற்று. அதனைக் கொண்டுசென்று காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்.

எல்லாவற்றுக்கும் முற்பட்ட வேலை, வன்றட்டிலிருந்த எழுத்துகளைப் படியெடுத்தல். அவ்வேலையை வேறொரு கணினியில் அதனை இணைத்துச் செய்தோம். வன்றட்டுகள் தமது நலத்தைத் தாமே குறித்துவைக்கும் இயல்புடையன. எமது தட்டு, பழுதடைந்த பகுதிகளை ஒதுக்கி வேறிடத்துக்கு மாற்றிய கணக்கைத் தன் குறிப்பிற் காட்டிற்று. அக்கணக்கு ஒரு கிழமைக்குள் கூடவுஞ் செய்தது. பல்லியின் சொல் பொய்க்கவில்லை! மாணவர் நான்கு ஆண்டுகளாக எழுத்தேற்றிய பக்கங்கள் யாவும் குறைவின்றி வந்துசேரும் வரை எவரும் அதிகம் பேசவில்லை. படிகள் இரண்டு எடுத்து, ஒன்றை மன்ற அலுமாரியிலும் மற்றொன்றை அதிபர் அலுவலகத்திலும் வைத்தோம்.

பின்னர் ஒரு சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்து துப்புரவு செய்தோம். பன்னிரண்டு ஆண்டுப் புழுதி, செம்மண் நிறத்திலே, விசிறியின் சிறகுகளிற் பஞ்சாகப் படிந்திருந்தது. தூரிகையால் அதனை நீக்கினோம். செயலிக்கும் அதன்மேலுள்ள உலோகத் தணிப்பிக்கும் இடையே இடப்பட்டிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் பயறளவு புதிய பசை இட்டோம். தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலத்தை மாற்றியவுடன் கணினிக்கு ஆண்டு 2012 என்ற மயக்கந் தெளிந்தது. இணையத் தளங்களும் கதவு திறந்தன. பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் திகதி எல்லை உண்டு, திகதி பிழைத்த கணினிக்கு அவை செல்லாதனவாகவே தோன்றும். 150 ரூபாப் பொருள் இத்துணை வேலை செய்தமை மாணவர்க்குப் பெருவியப்பு. திண்மநிலைத் தட்டோ சிறிது. பழைய தட்டுக்குரிய தட்டத்தில் முழுமையாகப் பொருந்தாது. அசையும் உறுப்பு அதனுள் இல்லாமையால் இரண்டு திருகாணிகளால் ஒருபுறம் இறுக்கிவிட்டோம். அதற்கெனச் சட்டம் வாங்கவில்லை.

பணிசெயல் முறைமையே ஈற்றில் எஞ்சிய சிக்கல். விண்டோஸ் 11 இற்கு எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்ட இன்ரெல் செயலியும், ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது விதி. எமதோ மூன்றாந் தலைமுறை. விதியைச் சுற்றிச் செல்லும் வழிகளை மாணவர் கைத்தொலைபேசியிற் காட்டினர். அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அந்நிறுவனம் உறுதி கூறவில்லை. பலர் கைபடும் பொதுக் கணினிக்கு அது தகாது எனக் கொண்டேன். விண்டோஸ் 10 இற்கு ஓராண்டு நீடிப்பும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஓராண்டின் பின்னர் மீண்டும் இதே வாசலில் நிற்பதா? ஆதலின் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த மின்ற் என்னும் முறைமையின் எளிய பதிப்பை ஏற்றினோம். அதற்கு விலையில்லை.

லினக்ஸின் கருவை எல்சிங்கி நகரப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோவால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். யுனிக்கோட் குறிமுறையின் முதற் பதிப்பிலே தமிழ் இடம்பெற்றதும் அவ்வாண்டே. அந்நாளில் யான் ஜாம் போத்தல் விளக்கின் முன்னே நாலடியார் மனனஞ் செய்துகொண்டிருந்தேன்.

தமிழ் எழுதுவதில்தான் மெய்யான தயக்கம் தோன்றிற்று. ஈழத்துத் தமிழ்த் தட்டச்சாளர் பலரின் விரல்கள் பாமினி எழுத்துருவுக்குப் பழகியவை. பயிற்சிக் கலாசாலைக் காலந்தொட்டு எனது விரல்களும் அப்படியே. பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இருக்கையிலே தமிழ் எழுத்தின் உருவத்தை அமர்த்திய ஓர் ஏற்பாடு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே காட்சி தரும். ஒரு சொல்லைத் தேடிக் காணவும் இயலாது. எமது பழைய பக்கங்களிற் பாதிக்கு மேற்பட்டவை அவ்வாறே எழுதப்பட்டிருந்தன. நூறு ஆண்டு நிற்க வேண்டிய எழுத்து ஓர் எழுத்துருவின் தயவில் வாழ்தல் தகுமா? ஆதலின் அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றத் தீர்மானித்தோம். மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. வடவெழுத்துகளும் மேற்கோட் குறிகளும் ஆங்காங்கே உருமாறி நின்றன. புதிதாக எழுதுவதற்கு, இலங்கையில் நியமமாக ஏற்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு அம்முறைமையில் இருந்தது. மாணவர் ஒரு கிழமையிற் பழகினர். யான் இன்னும் பழகுகின்றேன்.

பொருளாளன் மன்றக் கூட்டத்திலே கரும்பலகையில் எழுதிய கணக்கு இது: திண்மநிலைத் தட்டு, 240 கிகாபைற்று, 7,400 ரூபா; பாவித்த நினைவகம் இரண்டு துண்டு, 3,000 ரூபா; வெப்பப் பசை 450 ரூபா; மின்கலம் 150 ரூபா; படியெடுத்து வைப்பதற்கான பேனாத் தட்டு, 64 கிகாபைற்று, 2,300 ரூபா. ஆக 13,300 ரூபா. மிகுதி 1,700 ரூபாவுக்கும் அவன் புத்தகமே வாங்கினான், எவரும் தடுக்கவில்லை.

இப்பொழுது அக்கணினி 40 வினாடிக்குள் ஆயத்தமாகின்றது. ஆயினும் அது புதியதாகிவிட்டது என்று யான் கூறமாட்டேன். நிகழ்படங்களைத் தொகுக்க முயன்ற மாணவன் ஒருவனுக்கு அது பெருமூச்சையே பதிலாகத் தந்தது. மின்வழங்கி பழையது, அதன் கொள்ளளவிகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்த்தோம், இல்லை, எனினும் அது இன்னும் எத்தனை மாரி தாங்கும் என்று எவர் கூற வல்லார்? தாய்ப்பலகையோ செயலியோ பழுதாயிருந்தால் யானும் கடைக்காரர் பக்கமே நின்றிருப்பேன். அந்நிலையிலே, வெளிநாட்டுக் கந்தோர்களிலிருந்து கழிக்கப்பட்டு இறக்குமதியாகும் சற்றே பிற்பட்ட கணினி ஒன்றுக்காகப் பணஞ் சேர்ப்பதே அறிவு. சட்டம் முறிந்த சைக்கிளுக்குப் புது ரயர் பூட்டுவார் இல்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் சிலர் "கல்லூரிக்கு என்ன அனுப்பலாம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. புதிய கணினிகளை அனுப்புவோருக்கு நன்றி; அவை வேண்டியனவே. ஆனால் தத்தம் வீட்டு மேசை இழுப்பறைகளிலே, முன்னொரு காலம் கழற்றிப் போட்ட டி.டி.ஆர்.3 நினைவகத் துண்டுகளும் சிறிய திண்மநிலைத் தட்டுகளும் கிடக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்கும்படி அவர்களை வேண்டுகின்றேன். ஊருக்கு வருவோரின் சட்டைப் பையிலே அடங்கும் பொருள் அது. பக்கத்துக் கிராமத்துப் பாடசாலை ஒன்றிலே எமது கணினியைப் போன்ற நான்கு, துணியால் மூடப்பட்டிருப்பதனை யான் கண்டிருக்கின்றேன். அவ்வாசிரியரோடு பேசியாயிற்று, விடுமுறையில் எமது மன்ற மாணவர் அங்கே செல்வதற்கு அதிபரும் இசைந்துள்ளார்.

கழற்றிய பழைய வன்றட்டைத் தொழினுட்ப ஆசிரியர் வகுப்பிலே திறந்து காட்டினார். முகம் பார்க்கும் கண்ணாடி போன்றிருந்த தகட்டிலே பொருளாளன் தன் தலைமயிரைச் சீர்செய்துகொண்டான். மன்ற அறையிலே இப்போது 1958 ஆம் ஆண்டுச் சஞ்சிகை எழுத்தேறுகின்றது. அதன் 31 ஆம், 32 ஆம் பக்கங்களைக் கறையான் அரித்துவிட்டது. அவ்வாண்டுப் படி எவரிடமேனும் இருப்பின், அவ்விரு பக்கங்களையும் படம் பிடித்து மன்றத்துக்கு அனுப்பியுதவுவார்களாக.